தோன்றா எழுவாய்

வண்டன்மேட்டில் ஏலக்காய் விலை இறங்கினால் முதலில் திட்டு வாங்குவது குவாட்டிமாலாதான். மழை, அழுகல் நோய், போடி வியாபாரிகள் எல்லாம் அதற்குப் பிறகு. உலகத்திலேயே அதிக ஏலக்காய் விளைவது இடுக்கியில் அல்ல, அந்த மத்திய அமெரிக்க நாட்டில் என்பது எங்கள் பக்கத்து டீக்கடைகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1914 வாக்கில் ஆஸ்கார் மாயுஸ் க்ளோஃபர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர் ஏலத்தைக் கொண்டுபோய்க் கொபான் நகரத்தை ஒட்டிய மலைகளில் நட்டார். எண்பதுகளில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள். அவர்கள் சமையலில் அதற்குப் பெரிய இடம் கிடையாது. விளைவதில் பெரும்பகுதி சவுதிக்கும் மற்ற அரபு நாடுகளுக்கும் போய்க் காவா என்ற காபியில் கொதிக்கிறது. நம் காய்க்கும் அதே சந்தைதான். திட்டுக்குக் காரணம் அதுதான்.

நான் ஸ்பானிஷ் படிக்கப் போனது இந்தத் திட்டின் வழியாகத்தான். கேரளத்தில் மார்க்கேஸைப் படித்துவிட்டு ஸ்பானிஷ் கனவு காண்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் இல்லை. குமுளியில் ஒரு ஏலக்காய் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். 2018 வெள்ளத்தில் தோட்டங்கள் சரிந்து, அடுத்த வருஷம் மழையும் ஏமாற்றி, 2019 ஆகஸ்டில் புற்றடி ஸ்பைசஸ் பார்க் ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதுவரை யாரும் கேட்டிராத விலை. எல்லார் கையிலும் காசு. எல்லார் வயிற்றிலும் பயம். இந்த விலையைப் பார்த்துக் குவாட்டிமாலாக்காரன் எவ்வளவு காயை இறக்குவான்? அவர்களுடைய செய்தித்தாளை அவர்களுடைய மொழியிலேயே படித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார் முதலாளி. ஏற்கெனவே இரண்டு மொழி பேசுகிறவளுக்கு மூன்றாவது என்ன கஷ்டம் என்பது அவர் கணக்கு. அவர் பாதி விளையாட்டாகச் சொன்னதை நான் முழுசாக எடுத்துக்கொண்டேன்.

கட்டப்பனைப் பக்கத்தில், ஈக்வடாரில் பல வருஷம் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பிய ஒரு சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார். ஸ்பெயினில் முதியோர் இல்ல வேலைக்குப் போகக் காத்திருந்த இரண்டு பெண்கள், செமினாரியில் படிக்கிற ஒரு பையன், நான். வகுப்பு நடந்தது மலையாளத்தில், புத்தகம் இங்கிலீஷில். இந்த இரண்டுக்கும் இடையில்தான் என் கதை ஓடுகிறது.

முதல் நாள் சிஸ்டர் பலகையில் எழுதியது ஒரே ஒரு வினைச்சொல்: ஆப்லார், பேசுதல். எழுத்தில் முன்னால் ஒரு ஹகரம் உண்டு, வாயில் கிடையாது. அதன் கீழே ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாயிஸ், ஆப்லான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான் அல்லது பேசுகிறாள், பேசுகிறோம், பேசுகிறீர்கள், பேசுகிறார்கள். பேசுகிறவர் யார் என்பது வினையின் வாலிலேயே ஒட்டியிருப்பதால் முன்னால் 'நான்', 'நீ' என்று போடத் தேவையில்லை என்றும், தொடக்கத்தில் இது விநோதமாகத் தோன்றும், பொறுமையாகப் பழகிக்கொள்ளுங்கள் என்றும் புத்தகம் ஆறுதல் சொல்லியிருந்தது.

யாருக்கு விநோதம்? 'வந்தேன்' என்று சொல்லிவிட்டு வந்தது யார் என்று தமிழில் எவனாவது கேட்பானா? கொழிஞ்சாம்பாறையில் பாட்டி வீட்டில் தங்கித் தமிழ் மீடியத்தில் படித்த காலத்தில் எங்கள் தமிழய்யா இதற்கென்றே ஒரு பாடம் நடத்தியிருக்கிறார். பலகையில் 'வந்தேன்' என்று மட்டும் எழுதிவிட்டு, "எழுவாய் எங்கே?" என்று ஒவ்வொரு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டே வருவார். முழிப்போம். "இங்கதான்டா ஒளிஞ்சுட்டிருக்குது" என்று 'ஏன்' விகுதியைப் பிரம்பால் தட்டுவார். தோன்றா எழுவாய். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும். அதற்கு மேல் அது எதற்காவது உதவும் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

கூடப் படித்த மற்ற மூன்று பேருக்கும் இந்த இடத்தில் கால் வழுக்கியது. மலையாளத்தின் வினைச்சொல் எப்போதோ தன் வாலை உதிர்த்துவிட்டது. ஞான் சம்சாரிக்குந்நு, நீ சம்சாரிக்குந்நு, அவர் சம்சாரிக்குந்நு. யார் பேசினாலும் வினை ஒன்றே. மலையாளத்திலும் 'ஞானை' விட்டுவிட்டுப் பேசலாம்தான். ஆனால் ஆள் யார் என்பதைக் கேட்கிறவர் சூழலைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். வினை சொல்லாது. ஈக்வடாரில் இறங்கிய புதிதில் சிஸ்டரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'யோ', அதாவது 'நான்', போட்டுத்தான் பேசினாராம். நான் போகிறேன், நான் சாப்பிட்டேன், நான் தூங்கினேன். இந்த அம்மாவுக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு நினைப்பு என்று ஊர்க்காரர்கள் எண்ணினார்களாம். ஸ்பானிஷில் 'யோ' தேவைக்கு மட்டும் எடுக்கிற சொல். மற்றவர் இல்லை, நான் என்று அழுத்த வேண்டிய இடத்தில்தான் வரும். "மோளே, நினக்கு தமிழ் அறியாமல்லோ, பின்னெந்தா பேடி?" என்றார் என்னிடம். எனக்குத் தமிழ் தெரியுமே, பிறகென்ன பயம் என்று.

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழ் தெரியும் என்று என்னைப் பற்றி யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளின் நிலைமை அப்படி. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று பெரிய சண்டை நடந்து, கடைசியில் கேரளத்தோடு நின்றன. சித்தூர் பழைய கொச்சி ராஜ்யம். பாலக்காடு அதுவரை சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. கோடுகள் போட்டு முடித்த பிறகும் கோட்டின் உள்ளே தமிழ் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பாட்டி வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போக கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று கேரளாவிலிருந்து கேரளாவுக்குத் தமிழ்நாட்டின் வழியாகப் போவோம். இந்தப் பயணத்தில் எங்கள் பேச்சும் அங்கங்கே சிராய்த்துக்கொள்ளும். மலையாளத்தில் 'வரும்' என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். அந்தப் பழக்கத்தில் கம்பத்துச் சொந்தக்காரர்களிடம் 'நாங்க நாளைக்கு வரும்' என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. "வரும்னா? மாடா, மழையா?" என்று அவர்கள் கேட்பார்கள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் எங்கள் மலையாளம் பாண்டி. தமிழ்நாட்டில் எங்கள் தமிழ் மலையாளம். இரண்டிலும் முழுசாக இல்லாதவர்கள் என்று கேட்டே வளர்ந்தோம்.

ஸ்பானிஷ் வகுப்பில் அந்தக் கணக்கு தலைகீழானது. வால் விஷயத்தில் தமிழ் எனக்கு ஒரு வருஷப் படிப்பை மிச்சப்படுத்தியது என்றே சொல்வேன். குழப்பம் இல்லாமல் இல்லை. 'ஆப்லான்' என்றால் என் காதில் 'பேசினான்' என்று ஒற்றை ஆள்தான் விழுவான். அங்கே அது 'அவர்கள் பேசுகிறார்கள்'. தமிழ் 'ஆன்', 'ஆள்' என்று ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறது, ஸ்பானிஷ் வினை அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இவையெல்லாம் ஏற்கெனவே இருக்கிற பூட்டுக்குப் பல் கொஞ்சம் மாறிய சாவி மாதிரிதான். பூட்டு என்றால் என்னவென்றே தெரியாத இடத்தில் ஆரம்பிப்பது வேறு. 1540களில் முத்துக்குளித்துறையில் இறங்கிய போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் தமிழுக்குத் தன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அவருக்கும் நம் வினைகளின் வால் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். லத்தீனும் போர்த்துகீசும் தெரிந்தவர் அவர். நடுவில் இங்கிலீஷ் வந்து உட்காரவில்லை.

இங்கிலீஷ் நடுவில் உட்கார்ந்ததால் வந்த வினையை முழுசாகப் பார்த்தது 'சேர்', 'எஸ்தார்' பாடத்தில். ஸ்பானிஷ் கற்கிறவர்கள் தலையில் கைவைத்து உட்காரும் இடம் அது. இங்கிலீஷுக்கு ஒரே 'இஸ்', ஸ்பானிஷுக்கு இரண்டு. புத்தகம் சொன்ன விதி இது: நிலையானதற்கு சேர், தற்காலிகமானதற்கு எஸ்தார். நான் ஆசிரியை, சேர். நான் சோர்வாக இருக்கிறேன், எஸ்தார். இதுவரை சரி. அடுத்த பக்கத்திலேயே விதி உடைந்தது. மூணாறு கேரளாவில் இருக்கிறது என்பதற்கு எஸ்தார்தான் போட வேண்டும். மலை எங்கே போய்விடப் போகிறது? செத்துப்போனவருக்கும் எஸ்தா மூவெர்த்தோ, எஸ்தார்தான். சாவைவிட நிலையானது எது என்று நான் கேட்டேன். "கிறிஸ்தவனுக்கு அதுவும் தற்காலிகம்தானே சேச்சி" என்றான் செமினாரிப் பையன். சிஸ்டரே சிரித்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க, அலுவலகத்தில் சாக்குக் கணக்கு எழுதிக்கொண்டே, தமிழில் இந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஆசிரியர். இதில் வினையே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் பெயர், அவ்வளவுதான். அவர் வீட்டில் இருக்கிறார். அவர் சோர்வாக இருக்கிறார். இங்கெல்லாம் 'இரு' வந்துவிடுகிறது. தமிழ் எங்கே வினை இல்லாமல் நிற்கிறதோ அங்கே சேர்; எங்கே 'இரு' கேட்கிறதோ அங்கே எஸ்தார். மூணாறு ஓர் ஊர், சேர். மூணாறு கேரளாவில் இருக்கிறது, எஸ்தார். நிலையானதா தற்காலிகமா என்ற வேதாந்தமே வேண்டாம்.

இன்னும் நுட்பமான இடங்களிலும் இது பிடிகொடுத்தது. ஒரு பெண்ணைப் பற்றி 'எஸ் குவாப்பா' என்றால் அவள் அழகானவள். 'எஸ்தா குவாப்பா' என்றால் இன்றைக்கு இந்தப் புடவையில் அழகாக இருக்கிறாள். ஆனவள், ஆக இருக்கிறாள். நாம் தினமும் பிரித்துப் பேசுவதுதான். 'பையன் உயரமா இருக்கான்' என்று நாம் சொல்வதற்கு அவர்கள் சேர்தான் போடுவார்கள். அங்கே 'உயரமானவன்' என்று மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றினால் பொருள் கெடாவிட்டால் சேர்.

எல்லாவற்றையும்விட என்னை எழுந்து உட்கார வைத்தது கல்யாணம். இடத்தைச் சொன்னால் எஸ்தார் என்று விதி. ஆனால் கல்யாணம், கூட்டம், விருந்து மாதிரி நடக்கிற காரியமாக இருந்தால் இடத்தைச் சொன்னாலும் சேர். புத்தகம் இதை விதிவிலக்கு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மண்டபம் பொள்ளாச்சியில இருக்கு.' 'கல்யாணம் பொள்ளாச்சியில.' கல்யாணம் பொள்ளாச்சியில 'இருக்கு' என்றால் காதில் இடறுகிறது, இல்லையா? கட்டம் கட்ட வேண்டிய விதிவிலக்கு தமிழ்க்காரிக்குப் பேச்சுவழக்கு.

இதைப் பெருமையாக வகுப்பில் சொன்ன அன்றே மலையாளம் என்னைத் தோற்கடித்தது. ஸ்பானிஷில் மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு: 'ஐ'. ஓரிடத்தில் ஒன்று உண்டு என்று சொல்ல. 'ஐ உன் ஓஸ்பிதால் என் குமிளி' என்றால் குமுளியில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 'எல் ஓஸ்பிதால் எஸ்தா என் குமிளி' என்றால் நீங்கள் கேட்ட அந்த ஆஸ்பத்திரி குமுளியில் இருக்கிறது. தமிழில் இரண்டும் 'இருக்கு'. எனக்கு எது எங்கே என்று பிடிபடவே இல்லை. ஸ்பெயின் போகிற பெண்களுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. மலையாளத்தில் குமளியில் ஓர் ஆசுபத்ரி 'உண்டு'. அந்த ஆசுபத்ரி குமளியில் 'ஆணு'. உண்டு வரும் இடம் ஐ. ஆணு வரும் இடம் எஸ்தா. அன்றிலிருந்து எனக்கு ஒரு முறை படிந்துபோனது. சேரா எஸ்தாரா என்று தெரியாவிட்டால் தமிழில் கேட்பேன். எஸ்தாவா ஐயா என்று தெரியாவிட்டால் மலையாளத்தில் கேட்பேன். இரண்டிலும் முழுசாக இல்லாதவள் என்று பேர் வாங்கியவளுக்கு இரண்டும் தேவைப்பட்ட இடம் அதுதான். சென்னையில் பிறந்து தமிழ் மட்டும் பேசுகிற ஒருவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும். கோட்டயத்துக்காரருக்கு மறுபாதி.

'மே குஸ்தா' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'மே குஸ்தா எல் கஃபே', எனக்குக் காபி பிடிக்கும். மே என்றால் எனக்கு. 'காபி என்னை மகிழ்விக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்' என்று புத்தகம் அரைப் பக்கம் வருந்திச் சொன்னதை நாங்கள் நாலு பேரும் தாண்டிப் போனோம். எனிக்கு இஷ்டமாணு என்கிற மலையாளமும் அதே அச்சுதான். ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடித்தது பலவானால் 'மே குஸ்தான்' என்று அவர்கள் வினையும் பன்மையாகும். நம் 'பிடிக்கும்' அசையாது. ஆனால் எல்லா 'எனக்கு'வும் கைகொடுக்காது. எனக்குப் பசிக்கிறது என்பதற்கு அவர்கள் 'தெங்கோ ஆம்ப்ரே' என்பார்கள். பசியைச் சொத்து மாதிரி வைத்திருக்கிறார்கள். வயதும் அப்படியே. அதே சமயம் 'சே மே ஒல்விதோ' இருக்கிறதே, அது அப்படியே நம் 'எனக்கு மறந்துபோச்சு'. நான் மறக்கவில்லை; அது தானாக எனக்கு மறந்துபோனது. பொறுப்பை நைசாகக் கழற்றிவிட இரண்டு மொழிக்கும் ஒரே தந்திரம் தெரிந்திருக்கிறது. அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் முதல் வாரமே படிக்க வேண்டிய வாக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வருஷங்களில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தமிழின் இந்த 'ஐ' உருபு வித்தியாசம் ஸ்பானிஷில் அச்சாக இருக்கிறது என்பது தெரிந்தபோது வீட்டில் சொல்லக்கூட ஆள் இல்லை. ஸ்பானிஷில் ஒரு பொருளைப் பார்த்தால் சும்மா பார்க்கலாம்: 'வேயோ எல் காமியோன்', லாரியைப் பார்க்கிறேன். மனுஷரைப் பார்த்தால் முன்னால் ஓர் 'ஆ' போட வேண்டும்: 'வேயோ ஆ மரியா'. மனுஷரே ஆனாலும், குறிப்பாக இன்னார் என்று இல்லாவிட்டால் அந்த 'ஆ' விழுந்துவிடும். 'புஸ்கோ மாரிதோ' என்றால் மாப்பிள்ளை தேடுகிறேன், யாராக இருந்தாலும் சரி. 'புஸ்கோ ஆ மி மாரிதோ' என்றால் என் வீட்டுக்காரரைத் தேடுகிறேன், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய்விட்டார். நம் இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிற வேலையும் இதுதான். 'வேலைக்கு ஆள் தேடுறாங்க', 'அந்த ஆளைத் தேடுறாங்க'. உருபு ஏறினால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது என்று அர்த்தம். மலையாளம் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறது; உயிருள்ளதற்கு உருபு, உயிரில்லாததற்குப் பெரும்பாலும் கிடையாது. லாரி கண்டு, மேரியெ கண்டு, பசுவினெ கண்டு. வளர்த்த நாய்க்கு ஸ்பானிஷ்காரர்களும் 'ஆ' போட்டுத்தான் அன்பு செலுத்துகிறார்கள். இங்கிலீஷில் இதற்கெல்லாம் ஒன்றுமே இல்லை. அதனால் புத்தகத்தில் இது மிகப் பின்னால், கடினமான பாடங்களோடு இருந்தது. எங்களுக்கு அதை இரண்டாம் மாசமே நடத்தியிருக்கலாம்.

மரியாதையிலும் ஓர் ஆச்சரியம் இருந்தது. நீ என்பதற்கு 'தூ', நீங்கள் என்பதற்கு 'உஸ்தெத்' என்று புத்தகம் எளிதாகச் சொல்லிவிட்டது. ஆனால் உஸ்தெத்துக்கு வருகிற வினை அவன், அவளுக்கு வருகிற வினை. எதிரில் நிற்கிறவரிடமே 'பேசுகிறார்' என்கிறார்கள். 'உங்கள் கருணை' என்ற பொருளில் வந்த பழைய பட்டம் தேய்ந்து ஆன சொல் அது. பட்டத்தோடு பேசினால் வினை படர்க்கைக்குத்தானே போகும். எங்கள் பக்கம் எஸ்டேட்டிலும் ஆபீஸிலும் 'சார் ஊண் கழிச்சோ?', சார் சாப்பிட்டாரா என்று சார் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள். நீங்கள் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் ஒரு நாளை ஓட்டிவிடலாம். அதுதான் உஸ்தெத். குவாட்டிமாலாவில் இவற்றோடு 'வோஸ்' என்று மூன்றாவதும் புழங்குகிறது, சிநேகிதர்களுக்குள் சொல்வது. புத்தகம் அதைச் சொல்லவே இல்லை. அது ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கான புத்தகம்.

குவாட்டிமாலா செய்திகளை மெதுவாகப் படிக்கத் தொடங்கியபோது முதலாளி எதிர்பார்த்த ரகசியம் எதுவும் கிடைக்கவில்லை. கொபான் இருக்கிற ஆல்தா வெராபாஸில் பச்சைக் காய்க்கு 'செரேசா', உலர்ந்ததற்கு 'பெர்காமினோ' என்று பேர். மலைப் பாதையில் வந்து விவசாயியிடம் அடிமாட்டு விலைக்குப் பச்சைக் காயை வாங்கிப் போகிற இடைத்தரகருக்குக் 'கொயோத்தே', அதாவது ஒருவகை ஓநாய். நம் ஊரில் அவருக்கு இன்னும் மரியாதையான பேர் இருக்கிறது. காய் போடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கெக்சி என்ற மாயன் மொழி பேசுகிற குடும்பங்கள். அந்த நாட்டில் 22 மாயன் மொழிகள் இருக்கின்றன. வீட்டில் ஒரு மொழி, காய் எடைபோடுகிற இடத்தில் ஸ்பானிஷ். போடிமெட்டு ஏறி ஜீப்பில் காயெடுக்க வருகிற பெண்கள் கூலிக் கணக்கை எந்த மொழியில் கேட்கிறார்கள் என்று யோசித்தால் இது புதிய சங்கதி அல்ல. விலை இறங்கினால் கொபானில் இந்தியாவைத் திட்டுகிறார்களா என்று தேடிப் பார்த்தேன். திட்டுகிறார்கள்.

2022 டிசம்பரில் பாட்டி வீட்டுக்குப் போனபோது கொழிஞ்சாம்பாறைக் கவலையெல்லாம் வேறாக இருந்தது. கவலையில் பாதி மெஸ்ஸி. கேரளம் முழுக்க இருந்த மாதிரியே அங்கேயும் நீலமும் வெள்ளையுமாக ஃபிளெக்ஸ். மலையாள எழுத்தில் 'வாமோஸ் அர்ஜென்டினா'. 18ஆம் தேதி ராத்திரி லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் 3-3 என்று போய் பெனால்ட்டியில் 4-2 என்று முடிந்தபோது தெருவில் வெடிச்சத்தம் ஓயவில்லை. அர்ஜென்டினா கால்பந்து சங்கமே ட்விட்டரில் வங்கதேசத்துக்குச் சொன்ன நன்றியில் கேரளாவின் பேரையும் சேர்த்தது. அந்த ஃபிளெக்ஸுக்குச் சந்தா கொடுத்தவர்களில் பெரியம்மா மகன் அண்ணனும் ஒருவர். அவர் மகன் ஆறாம் வகுப்பு.

"வாமோஸுன்னா என்னங்க அத்தை?" என்றான்.

"போவோம். போலாம் வாங்கடா. ரெண்டும்தான்."

"அதென்ன ரெண்டும்?"

"நாம போவோம்னு சொன்னா, போறோம்னும் ஆச்சு, கூப்பிட்ட மாதிரியும் ஆச்சில்ல? அதே மாதிரி. நம்ம ஓம், அவங்க மோஸ்."

இது அவனுக்குப் பிடித்துப்போனது. ராத்திரிக்குள் 'கோமெமோஸ்', 'ஆப்லாமோஸ்' என்று சாப்பிடுவோம், பேசுவோம் எல்லாவற்றையும் மோஸில் முடிக்கக் கற்றுக்கொண்டான். 'யாரும் வரவில்லை' என்பதற்கு 'நோ வினோ நாதியே' என்று இரண்டு எதிர்மறை வருவதைச் சொன்னபோது, "யாரும் வரலைன்னுதானே சொல்லோணும், வேறெப்படிச் சொல்றது?" என்றான். கேள்விக்குறியைத் தலைகீழாக வாக்கியத்தின் முன்னாலும் போடுவார்கள், 1754இல் ஸ்பானிய அகாதெமி சொன்ன ஏற்பாடு அது என்றேன். நாம் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்துக் கேள்வியாக்கிவிடுகிறோம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை, வாக்கியம் பல நேரம் சாதாரண வாக்கியம் மாதிரியே கிடக்கும், வாசிக்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதையும் ஒப்புக்கொண்டான்.

தகராறு வந்தது பெயர்ச்சொல்லில். நமக்கு மனுஷர்தான் ஆண், பெண், மற்றதெல்லாம் அது. மலையாளத்திலும் ஒரு மேசைக்குப் பால் கிடையாது. இந்த ஓரிடத்தில் என் இரண்டு மொழியும் கையை விரித்துவிடும். ஏலக்காய் ஆண், 'எல் கார்தமோமோ'. மிளகு பெண், 'லா பிமியெந்தா'. பச்சை ஏலக்காய் என்று சொல்ல பச்சையைப் பின்னால் தள்ளி 'கார்தமோமோ வெர்தே' என்று வேறு சொல்ல வேண்டும், அதுகூடப் பழகிவிடும். பால் பழகாது. பெயரைப் படிக்கும்போதே 'எல்'லோ 'லா'வோ சேர்த்து ஒரே சொல்லாக மனப்பாடம் செய்துவிடு என்று சிஸ்டர் சொன்னதற்கு மேல் எனக்கும் வழி தெரியாது.

"மேசை பொம்பளையா?" என்றான்.

"ஆமாம். லா மேசா. ஆவுல முடியறது பெரும்பாலும் பெண், ஓவுல முடியறது ஆண்."

"பெரும்பாலும்னா?"

"கை, லா மானோ. ஓவுல முடியும், ஆனா பெண். பிரச்சினை, எல் ப்ரோப்ளேமா. ஆவுல முடியும், ஆனா ஆண்."

சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "அத மட்டும் சரியாத்தான் வெச்சிருக்காங்க."